அவன் நல்லவன்தான் அக்கா, ஆனா...

இந்த தடவை வந்த கேள்விகளை எல்லாம் பிரிச்சு படிச்சப்ப ஒண்ணு கவனிச்சேன், அஞ்சாறு பேர் வேற வேற வார்த்தையில ஒரே ஆளைப் பத்தித்தான் எழுதியிருக்கீங்க. கெட்டவர் இல்ல, ஏமாத்தல, கத்தல, கூப்பிட்டா ஓடி வர்றார், ஆனா வாயத் தெறக்க மாட்டேங்கறார். சரி, இந்த வாரம் முழுக்க இவங்களுக்கே குடுத்துடறேன். மத்த கேள்வி அனுப்பினவங்க அடுத்த வாரம் வரைக்கும் என்னைத் திட்டிக்கிட்டு இருக்கலாம்.

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயசு. நானும் அவனும் ரெண்டு வருஷமா பழகறோம். முதல்லயே சொல்லிடறேன், அவன் ரொம்ப நல்லவன். நடுராத்திரி வண்டி நின்னு போச்சுன்னு போன் பண்ணா அடுத்த 20 நிமிஷத்துல வந்து நிப்பான். எனக்கு காய்ச்சல் வந்தப்ப மூணு நாள் லீவ் போட்டு கூடவே இருந்தான், மாத்திரைக்கு அலாரம் வெச்சு எழுப்பினதும் அவன்தான். இதுவரைக்கும் ஒரு தடவை கூட குரல் ஒசத்தி பேசினதில்ல. ஆனா அவனா வந்து உன்னை பிடிச்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. நான் சொன்னா "ம், எனக்கும்தான்". ஒரு வாரம் வெளியூர் போயிட்டு வந்து "என்னை மிஸ் பண்ணியா"ன்னு கேட்டேன், "அதான் வந்துட்டல்ல"ன்னான். எங்க பாட்டி இறந்த அன்னைக்கு தேம்பித் தேம்பி அழுதேன், அவன் தண்ணி கொண்டு வந்து குடுத்துட்டு பக்கத்துல உட்கார்ந்திருந்தான், அப்புறம் எந்திரிச்சுப் போய் நான் கிளம்பறதுக்காக வண்டிக்கு பெட்ரோல் போட்டுட்டு வந்தான். ஒரு ஆறுதல் வார்த்தை கிடையாது. பிரெண்ட்ஸ் கிட்ட சொன்னா "உனக்கு கொழுப்புடி, இப்படி ஒருத்தன் கிடைக்க குடுத்து வெச்சிருக்கணும்"ங்கறாங்க. நான் பேராசைக்காரியா? அவனுக்கு என் மேல நிஜமாவே லவ் இருக்கா? ஒண்ணா வாழ ஆரம்பிச்சா மாறுவானா? — பேர் போடாதீங்க

பதில்: பேர் போடல தங்கச்சி. பேராசையும் இல்ல. அடிக்கல, கத்தல, ஏமாத்தலங்கறது எல்லாம் ஒருத்தர் கிட்ட கண்டிப்பா இருக்க வேண்டியது, அதுக்கு மேல ஒண்ணு கேட்டா கொழுப்புன்னு சொல்றது எந்த ஊர் கணக்குன்னு எனக்கு புரியல. வார்த்தை கேக்கறது ஒரு பசி மாதிரிதான், சிலருக்கு கொஞ்சம் போதும், சிலருக்கு போதாது. உங்க பிரெண்ட்ஸுக்கு போதும்னா அவங்களுக்கு போதும், அவ்வளவுதான்.

அடுத்தது, லவ் இருக்கா இல்லையாங்கற கேள்வி. இதை வெளிய இருந்து நான் சொல்ல முடியாது, பக்கத்துல இருந்து அவன் மூஞ்சியையே பாத்துட்டு இருக்கற நீங்களும் சொல்ல முடியாது. ஏன்னா மூஞ்சி பல பேருக்கு சரியா வேலை செய்யறதில்ல. இதுக்கு ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. மேரி ஐன்ஸ்வொர்த்னு ஒரு உளவியலாளர் ஒரு வயசு குழந்தைங்களை வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க, அம்மா ரூமை விட்டு ரெண்டு மூணு நிமிஷம் வெளிய போயிட்டு திரும்பி வரணும், குழந்தை என்ன பண்ணுதுன்னு பாக்கணும். பல குழந்தைங்க அழும், அம்மா வந்ததும் ஓடிப் போய் ஒட்டிக்கும். சில குழந்தைங்க மட்டும் கண்டுக்கவே கண்டுக்காது, பொம்மையை உருட்டிக்கிட்டு இருக்கும், அம்மா திரும்பி வந்தாலும் நிமிர்ந்து பாக்காது. ஆஹா எவ்வளவு சமத்துன்னுதான் தோணும். ஆனா 1977ல ஸ்ரூஃப், வாட்டர்ஸ்னு ரெண்டு பேர் இந்த மாதிரி குழந்தைங்களோட இதயத் துடிப்பை அளந்து பாத்தப்ப, அந்த சமத்து குழந்தைக்கும் அழற குழந்தை மாதிரியே துடிப்பு ஏறியிருந்துச்சு. வெளிய ஒண்ணும் இல்ல, உள்ள தடதடன்னு அடிச்சுக்குது. பத்து வருஷம் கழிச்சு, 1987ல ஹேஸனும் ஷேவரும் இதே கண்ணாடியை போட்டுக்கிட்டு பெரியவங்க காதலைப் பாத்தாங்க, அங்கயும் இதே ரகங்கள் தெரிஞ்சுது.

இதை சொன்ன உடனே நீங்க என்ன நினைப்பீங்கன்னு எனக்கு தெரியும். "அப்போ அவனுக்கும் உள்ளுக்குள்ள கடல் மாதிரி இருக்கு, நான்தான் புரிஞ்சுக்கல." வேண்டாம், அங்க போகாதீங்க. இருக்கலாம்னுதான் நான் சொல்றேன், இருக்குன்னு சொல்லல. இந்த கற்பனைக் கடல்ல முங்கி பல வருஷத்தை தொலைச்சவங்களை எனக்கு தெரியும். அதோட, இருந்தாலுமே அது அவன் நெஞ்சுக்கு மட்டும் தெரிஞ்ச சங்கதியா இருந்தா உங்களுக்கு என்ன பிரயோஜனம்?

என் கதையையே சொல்றேனே. கல்யாணமான புதுசுல எங்க வீட்டுக்காரருக்கு நாலு பக்கம் லெட்டர் எழுதினேன், நேர்ல சொன்னா அழுகை வந்துடும்னு. மனசுல இருந்தது அத்தனையும் கொட்டி வெச்சேன். மறுநாள் காலையில அவர் சொன்ன பதில், "படிச்சேன். வண்டியை சர்வீசுக்கு விட்டிருக்கேன், இன்னைக்கு பஸ்ல போயிக்கோ." அவ்வளவுதான். ஒன்பது வருஷம் கழிச்சு இன்சூரன்ஸ் பேப்பர் தேடும்போது, வீட்டுப் பத்திரம், பாலிசி, எங்க சர்டிபிகேட் எல்லாம் இருக்கற பைலுக்குள்ள பிளாஸ்டிக் கவர் போட்டு அந்த நாலு பக்கமும் இருந்துச்சு. இதை யார்கிட்ட சொன்னாலும் "ஐயோ எவ்வளவு ஸ்வீட்"ங்கறாங்க. எனக்கு அன்னைக்கு வந்தது கோவம். ஒன்பது வருஷம் அந்த லெட்டர் குப்பைக்கு போயிடுச்சுன்னு நினைச்சுட்டு இருந்திருக்கேன், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும் அந்த மனுஷனுக்கு? (இதை எழுத பர்மிஷன் கேட்டேன், "எழுதிக்கோ"ன்னார். ஒரு வார்த்தை.)

அதனால உள்ள என்ன இருக்குங்கற ஆராய்ச்சியை விட்டுட்டு, வெளிய தெரியற ஒண்ணைப் பாருங்க. காட்டிக்கறது வேற, பதிலுக்கு அசையறது வேற. ஜான் காட்மேன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் புதுசா கல்யாணம் ஆன ஜோடிகளை அபார்ட்மென்ட் மாதிரி செட் பண்ணின லேப்ல தங்க வெச்சு கவனிச்சார். பெரிய பெரிய சண்டையை மட்டும் பாக்கல, "அங்க பாரேன், அந்த பறவை"ன்னு ஒருத்தர் சொன்னா இன்னொருத்தர் தலையை தூக்கறாரா, இந்த மாதிரி பொடி விஷயத்தை எல்லாம் எண்ணினாங்க. 6 வருஷம் கழிச்சு பாத்தா, சேர்ந்தே இருந்தவங்க அந்த மாதிரி கூப்பிடுதலுக்கு 100க்கு 86 தடவை திரும்பியிருந்தாங்க, பிரிஞ்சு போனவங்க 33 தடவைதான். திரும்பறதுன்னா கட்டிப் புடிச்சு கவிதை சொல்றது இல்ல, "ம், எங்க"ன்னு கேட்டாலே அது திரும்பினதுதான்.

இப்போ உங்க லெட்டரை இந்த கண்ணோட திருப்பி படிங்க. பாட்டி போன அன்னைக்கு தண்ணி, பக்கத்துல உட்கார்ந்தது, பெட்ரோல், மூணுமே திரும்பினதுதான். நீங்க அழறீங்கன்னு அவனுக்கு உறைச்சிருக்கு, அவன் கைக்கு தெரிஞ்ச வேலையை செஞ்சிருக்கான். "மிஸ் பண்ணியா"வுக்கு "அதான் வந்துட்டல்ல"ன்னது கோட்டை விட்டது. நீங்க கேட்டது பாசம், அவன் காதுல விழுந்தது ஒரு தகவல் கேள்வி, பிரச்சினை முடிஞ்சு போச்சே அப்புறம் என்னங்கற மாதிரி பதில் சொல்லிட்டான். எனக்கு படறது என்னன்னா உங்க ஆள் கல்லு இல்ல, ஆனா உங்க பாஷை அவனுக்கு அரைகுறையாதான் கேக்குது. தப்பாவும் இருக்கலாம், நான் படிச்சது ஒரு பக்க லெட்டர்தான்.

சரி எப்படி கேக்கறது. ராத்திரி பதினொரு மணிக்கு எதிர எதிர உட்கார்ந்து "நீ என்னை நேசிக்கறியா இல்லையா சொல்லு"ன்னு கேட்டா போலீஸ் ஸ்டேஷன்ல உட்கார்ந்த மாதிரி ஆயிடும், இருக்கற ரெண்டு வார்த்தையும் போயிடும். அடி மேல் அடி அடிச்சா அம்மியும் நகரும்பாங்க, இந்த விஷயத்துல அம்மி நகர்ந்து நகர்ந்து அடுத்த ரூமுக்கு போயிடும். ஒருத்தர் துரத்த துரத்த இன்னொருத்தர் ஒதுங்கறதும், ஒதுங்க ஒதுங்க இவங்க இன்னும் துரத்தறதும், இந்த சுத்தை பல ஜோடிகள் கிட்ட பாத்து கிறிஸ்டென்சனும் ஹீவியும் 1990லயே எழுதிட்டாங்க. ரெண்டு பேரும் கெட்டவங்க இல்ல, சுத்துதான் கெட்டது. நடந்து போகும்போது, வண்டியில பக்கத்து பக்கத்து சீட்ல போகும்போது, ஏதாவது வேலை பாத்துக்கிட்டே கேளுங்க, கண்ணைப் பாக்க வேண்டாம்னா சில பேருக்கு நாக்கு வரும்.

கேக்கறதும் குட்டியா, கைக்கு அகப்படற மாதிரி இருக்கணும். "இன்னும் கொஞ்சம் பாசமா இருடா"ன்னா அவனுக்கு அதுல எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியாது. "நான் அழுதா தண்ணி குடுத்த அப்புறம் என் கையை புடிச்சுக்கோ, ஒண்ணும் பேச வேண்டாம்." இது தெரியும். "வாரத்துல ஒரு நாள், நீயா, என்கிட்ட உனக்கு புடிச்சது ஒண்ணை மெசேஜ்ல போடு, ஒரு வரி போதும்." இதுவும் தெரியும்.

இப்போதான் முக்கியமான இடம். அவன் அந்த மெசேஜை போடுவான்னு வெச்சுக்குவோம். கண்றாவியா இருக்கும். "நீ டயத்துக்கு வர்றது புடிச்சிருக்கு"ன்னு ஆபீஸ் மெமோ மாதிரி ஒண்ணு வரும். உங்களுக்கு உடனே வாயில வர்ற வார்த்தை என்ன தெரியுமா, "நான் சொன்னதாலதானே பண்ற". தயவு செஞ்சு அதை முழுங்கிடுங்க. இந்த ஒரு வாக்கியம் மாதிரி பேசாத ஆளை திரும்ப கூட்டுக்குள்ள விரட்டறது வேற எதுவும் இல்ல. செய்யலன்னா செய்யலன்னு திட்டு, செஞ்சா சொல்லி செஞ்சன்னு திட்டு, அப்புறம் எவன் செய்வான்? சொல்லாமலே தெரியணும், தானா வந்தாதான் நிஜம்னு நமக்கெல்லாம் சின்ன வயசுலயே யாரோ தலையில ஏத்திட்டாங்க. எதையுமே நாம சொல்லிக் குடுத்துதான் கத்துக்கிட்டோம், நன்றி சொல்றது கூட "சொல்லு, தேங்க்ஸ் சொல்லு"ன்னு பெரியவங்க முதுகுல தட்டித்தான் வந்துச்சு. அந்த ஆபீஸ் மெமோவை வாங்கி வெச்சுக்கிட்டு "இது எனக்கு நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டு விட்டுடுங்க. ரொம்ப கொண்டாடவும் வேண்டாம், பயந்துடுவான்.

மாறுவானாங்கறதுக்கு என் பதில்: அளவு மாறும், ஆள் மாற மாட்டான். இன்னைக்கு இருக்கறதோட கொஞ்சம் கூட்டிக்கோங்க, அது உங்களுக்கு போதுமான்னு பாருங்க. ஒண்ணா வாழ ஆரம்பிச்சா தானா சரியாகும்னு நம்பி போகாதீங்க, ஒரே வீட்ல இருந்தா அந்த மௌனம் இன்னும் பெருசாத்தான் கேக்கும். ஒரு நாலு மாசம் நான் சொன்ன மாதிரி தெளிவா கேட்டுப் பாருங்க. தட்டுத் தடுமாறி முயற்சி பண்றான்னா அது ஒரு பதில். "நான் இப்படித்தான், இஷ்டம்னா இரு"ன்னு சொன்னா அதுவும் பதில்தான், நீங்க ரெண்டு வருஷமா கேட்ட கேள்விக்கு அவன் வாயாலயே சொன்ன பதில். மூணாவதா ஒண்ணு இருக்கு, யாரும் சொல்ல மாட்டாங்க, அவன் முழு மனசோட முயற்சி பண்ணியும் உங்களுக்கு பத்தாம இருக்கலாம். நல்லவனை விட்டுட்டு வரலாம், தப்பில்ல. பிரியறதுக்கு ஒருத்தர் வில்லன் ஆகணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல.

கேள்வி: நான்தான் மேடம் அந்த பேசாத ஆள். வயசு 33. என் கேர்ள் பிரெண்ட் என்னை ரோபோன்னு கூப்பிடறா, முதல்ல விளையாட்டா, இப்ப சீரியஸா. "உனக்கு இப்ப என்ன தோணுது"ன்னு கேட்டா நிஜமாவே வெள்ளை பேப்பர் மாதிரி இருக்கு. மறைக்கல, உண்மையிலயே தெரியல. சண்டை நடந்தா எனக்கு வயித்த வலிக்கும், அது மட்டும்தான் தெரியும். எங்க வீட்ல யாரும் யார்கிட்டயும் எதுவும் பேச மாட்டாங்க, அப்படியே வளர்ந்துட்டேன். இது ஏதாவது வியாதியா? அவளை இழக்க எனக்கு இஷ்டம் இல்ல.

பதில்: தம்பி, கடைசி வரியை எனக்கு எழுதியிருக்கீங்க. அவங்க கிட்ட சொன்னீங்களா? இல்லைன்னு நினைக்கறேன். முதல்ல அதை அப்படியே காப்பி பண்ணி அனுப்புங்க, மீதியை அப்புறம் படிக்கலாம்.

அனுப்பிட்டீங்களா, சரி. வியாதின்னு சொல்ல முடியாது. உள்ள இருக்கற உணர்ச்சிக்கு பேர் கண்டுபிடிக்க சிரமப்படற தன்மைக்கு அலெக்ஸிதைமியான்னு பேர், பீட்டர் சிஃப்னியோஸ்னு ஒரு மனநல மருத்துவர் 1970களோட ஆரம்பத்துல வெச்ச பேர், கிரேக்க மொழியில உணர்ச்சிக்கு வார்த்தை இல்லைன்னு அர்த்தம். அது ஒரு குணம், உயரம் குட்டை மாதிரி கூடக் குறைய எல்லார்கிட்டயும் இருக்கறது, பல கணக்கெடுப்புல பத்துல ஒருத்தருக்கு ஓரளவு அதிகமாவே இருக்குன்னு வந்திருக்கு. அதை அளக்க 20 கேள்வி உள்ள ஒரு பட்டியல் இருக்கு. உங்களுக்கு அதுதான்னு நான் சொல்லல, லெட்டர்ல வைத்தியம் பாக்கறது என் வேலை இல்ல. ஆட்டிசம் இருக்கறவங்கள்ல சிலருக்கும் உள்ள இருக்கறது முகத்துல அதே மாதிரி வராது. ஆனா ஒண்ணு மட்டும் யோசிச்சு பாருங்க, நீங்க எப்பவுமே இப்படித்தானா இல்ல சமீபமாதான் இப்படி மரத்துப் போச்சா? முன்னாடி ரசிச்சது எதுவும் இப்ப பிடிக்கல, தூக்கம் கெட்டுப் போச்சுன்னா அது மன அழுத்தமா இருக்கலாம், டாக்டரைப் பாருங்க. டிப்ரஷனுக்கு மாத்திரை எடுத்துக்கறவங்கள்ல சில பேருக்கு அந்த மாத்திரையே அழுகை சிரிப்பு ரெண்டையும் மழுங்க வெச்சுடும், அப்படின்னா நீங்களா நிறுத்தாதீங்க, எழுதிக் குடுத்தவர் கிட்ட சொல்லுங்க, மாத்தியோ அளவை குறைச்சோ பாப்பாங்க.

எப்பவுமே இப்படித்தான்னா, வயித்துல இருந்து ஆரம்பிங்க. ஜோக் இல்ல. உங்களுக்கு வார்த்தை வரல, ஆனா உடம்பு சொல்லுதே. "என்ன தோணுதுன்னு தெரியல, வயிறு மட்டும் பிசையுது"ன்னு சொன்னா அது முழு பதில், அவங்களுக்கு அதுல இருந்து நிறைய புரியும். வெள்ளை பேப்பர் மாதிரி முழிச்சுட்டு நின்னா அவங்களுக்கு புரியறது ஒண்ணே ஒண்ணுதான், இவனுக்கு நான் ஒரு பொருட்டே இல்ல.

நீங்க நினைப்பீங்க, என் மூஞ்சியை பாத்தாலே தெரியாதா நான் எவ்வளவு கஷ்டப்படறேன்னு. தெரியாது தம்பி. 1998ல கிலோவிச்சும் கூட சில பேரும் பண்ணின சோதனை இது, சில கப்புல நல்ல பானம், சில கப்புல வாயில வைக்க முடியாத பானம், எல்லாத்தையும் முகம் மாறாம குடிக்கணும், பாக்கறவங்க எது மோசமான கப்புன்னு கண்டுபிடிக்கணும். குடிச்சவங்க "கண்டிப்பா நான் மாட்டிக்கிட்டேன்"ன்னு நினைச்சாங்க, பாத்தவங்களால அவ்வளவு எல்லாம் கண்டுபிடிக்க முடியல. நம்ம உள்ள நடக்கறது கண்ணாடி வழியா தெரியற மாதிரி நமக்கு ஒரு பிரமை, அவ்வளவுதான். அதுலயும் உங்களுக்கு கர்ட்டன் கொஞ்சம் கனம்.

அப்புறம் டைம் கேட்டு வாங்க பழகுங்க. "எனக்கு இப்ப பதில் வரல, நாளைக்கு ராத்திரி சொல்றேன்." இப்படி சொன்னா பாதி சண்டை அங்கயே நின்னுடும். ஆனா மறுநாள் ராத்திரி நீங்களா போய் சொல்லணும், அவங்க ஞாபகப்படுத்தற வரைக்கும் காத்திருந்தீங்கன்னா அடுத்த தடவை இந்த வாக்கியம் செல்லாது. எழுதி குடுத்தாலும் சரி, வாய்ஸ் மெசேஜ் போட்டாலும் சரி. தப்பான வார்த்தையா இருந்தாலும் பரவாயில்ல, "கோவம்னு நினைக்கறேன், ஒரு வேளை பயமா இருக்கலாம்"னு குழப்பத்தோடவே சொல்லுங்க, குழம்பின மனுஷன் கூட பேச முடியும்.

ஒருவேளை தெரிஞ்சே அமுக்கறீங்கன்னா (அதுவும் நடக்கும், பழக்கத்துல நமக்கே தெரியாது) இதையும் கேளுங்க. 2003ல வந்த ஒரு ஆய்வுல முன்ன பின்ன தெரியாத ரெண்டு ரெண்டு பெண்களா மனசை கலக்கற ஒரு படத்தை பாத்துட்டு அதைப் பத்தி பேசணும், சில ஜோடியில ஒருத்தரை மட்டும் உணர்ச்சியை வெளிய காட்டாதீங்கன்னு ரகசியமா சொல்லி வெச்சாங்க. அமுக்கினவங்களுக்கு மட்டும் இல்ல, எதிர்ல ஒண்ணும் தெரியாம பேசிட்டு இருந்தவங்களுக்கும் பிளட் பிரஷர் ஏறிடுச்சு. நீங்க அமைதியா இருந்து சண்டையை தவிர்க்கறதா நினைச்சுட்டு இருக்கீங்க, எதிர்ல அவங்களுக்கு உள்ள ஏறிட்டு இருக்கு.

அப்புறம் அந்த ரோபோ பட்டம். அது உங்களுக்கு வலிக்குதுன்னு அவங்களுக்கு சொல்லியிருக்கீங்களா? வலிக்குதுன்னா சொல்லுங்க. உங்க முதல் பயிற்சி அதுவே.

கேள்வி: என் காதலருக்கு கோவம் வந்தா அஞ்சு நாள், ஆறு நாள் பேச மாட்டார். போன் எடுக்க மாட்டார். நான் கெஞ்சி மன்னிப்பு கேட்ட அப்புறம்தான் சரியாவார், பல நேரம் எதுக்கு மன்னிப்புன்னே எனக்கு தெரியாது. மத்தபடி அமைதியானவர், நல்லவர். இதுவும் உணர்ச்சியை காட்டத் தெரியாததுதானே?

பதில்: இல்ல. மத்தவங்க கிட்ட அந்த அஞ்சு நாளும் சிரிச்சு பேசறாரா, நீங்க மன்னிப்பு கேட்ட நிமிஷத்துல நாக்கு வந்துடுதா? அப்போ அவருக்கு காட்ட நல்லாவே தெரியுது. பேச வராதவர் "ஒரு மணி நேரம் விடு"ன்னு ஏதோ ஒரு குறிப்பு குடுத்துட்டு ஒதுங்குவார், ஒதுங்கினாலும் நீங்க தவிக்கறது தெரிஞ்சா தாங்க மாட்டார். இவர் நீங்க தவிக்கறதுக்காகவே காத்திருக்கார். அடுத்த தடவை கெஞ்சாதீங்க. "பேசணும்னா நான் இருக்கேன், எதுக்குன்னு தெரியாத தப்புக்கு மன்னிப்பு கேக்க மாட்டேன்"னு ஒரு மெசேஜ், அதோட விட்டுட்டு உங்க வேலையை பாருங்க. அப்போ என்ன நடக்குதோ அதை வெச்சு முடிவு பண்ணுங்க. மிரட்டல், கையை ஓங்கறதுன்னு போச்சுன்னா முடிவு எல்லாம் அப்புறம், முதல்ல அங்க இருந்து வெளிய வாங்க, நம்பிக்கையான ஒருத்தர் கிட்ட சொல்லுங்க.

கேள்வி: ரெண்டு பேரும் லவ் லாங்குவேஜ் டெஸ்ட் எடுத்தோம். அவருக்கு உதவி செய்யறது, எனக்கு வார்த்தைன்னு வந்துச்சு. அப்போ நாங்க மேட்ச்சே இல்லையா?

பதில்: அது ரத்த குரூப் இல்லைங்க, ஒத்து வரலன்னு திருப்பி அனுப்ப. பாசத்தை வார்த்தை, உதவின்னு அஞ்சு வகையில காட்டறோம், ஆளுக்கு ஒரு வகைதான் பாஷைங்கற அந்த கணக்கு 1992ல ஒரு அமெரிக்க பாதிரியார் எழுதின புத்தகத்துல இருந்து வந்தது, நல்லா பரவிடுச்சு. ஆனா 2024ல ஆய்வாளர்கள் இருக்கற ஆராய்ச்சியை எல்லாம் சேர்த்து வெச்சு பாத்தப்ப, ஆளுக்கு ஒரே ஒரு பாஷைங்கறதுக்கு பெருசா ஆதாரம் இல்ல. தனித்தனியா கேட்டா எல்லாமே வேணும்னுதான் எல்லாரும் சொல்றாங்க, அதுதானே நியாயம். பேச்சை ஆரம்பிக்க ஒரு சாக்குன்னா அந்த டெஸ்ட் நல்லது. "என்னுது உதவி, அதனால வார்த்தை எல்லாம் கேக்காத"ன்னு அவர் சர்டிபிகேட் மாதிரி நீட்டினா மட்டும் கிழிச்சுப் போட்டுடுங்க.

கேள்வி: எல்லாரும் ஆம்பளைங்களைத்தான் சொல்றாங்க. என் கேர்ள் பிரெண்ட்தான் இப்படி. ப்ரொமோஷன் கிடைச்சுதுன்னு மூச்சு வாங்க ஓடிப் போய் சொன்னேன், "நல்லது"ன்னா. அவ்வளவுதான். அசிங்கமா போச்சு.

பதில்: வலிக்கத்தான் செய்யும், கஷ்டத்துல கூட நிக்கறவங்க நிறைய பேர் சந்தோஷத்துல கோட்டை விடுவாங்க. 2004ல ஷெல்லி கேபிள்னு ஒரு ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் இதையே எடுத்து ஆராய்ஞ்சாங்க, நல்ல செய்தி சொல்லும்போது எதிர்ல இருக்கறவங்க எப்படி எடுத்துக்கறாங்கங்கறதுக்கும் அந்த உறவு எவ்வளவு நல்லா இருக்குங்கறதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு வந்துச்சு. குதிக்க வராதவங்களுக்கு இதுல ஒரு ஈசியான வழி இருக்கு, கேள்வி கேக்கறது. "எப்ப சொன்னாங்க, யார் கூப்பிட்டு சொன்னா, உன் மூஞ்சி எப்படி இருந்துச்சு"ன்னு மூணு கேள்வி தட்டையான குரல்ல கேட்டாலே போதும், நீங்க நிறைஞ்சுடுவீங்க. அவங்க கிட்ட இதை அப்படியே சொல்லுங்க, "நீ குதிக்க வேண்டாம், மூணு கேள்வி கேளு". ஆம்பளை பொம்பளை விஷயத்துல ஒரு தகவல், 1998ல கிரிங், கோர்டன்னு ரெண்டு பேர் ஆண் பெண் ரெண்டு தரப்புக்கும் படக் காட்சி போட்டு பாத்தாங்க, பெண்கள் முகத்துல அதிகமா தெரிஞ்சுது, ஆனா உள்ள எவ்வளவு உணர்ந்தோம்னு அவங்க சொன்னதுல பெரிய வித்தியாசம் இல்ல. அதெல்லாம் சராசரி கணக்கு, உங்க ஆளுக்கு அந்த சராசரி தெரியாது.

கேள்வி: பேசாம இருக்கறவங்களைப் பத்தி நீங்க முன்னாடி எழுதின பக்கத்தை கிழிச்சு அவருக்கு படிக்க குடுத்தேன் அக்கா. படிச்சுட்டு "ம்"னு சொல்லி மடிச்சு திருப்பிக் குடுத்துட்டார். எனக்கு பத்திக்கிட்டு வருது.

பதில்: படிக்கும்போது பக்கத்துல உட்கார்ந்து அவர் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தீங்கதானே? நானும் அதைத்தான் பண்ணுவேன். ரெண்டு நாள் விடுங்க. அப்புறம் "படிச்சு என்ன தோணுச்சு"ன்னு கேக்காதீங்க, அதுக்கு இன்னொரு "ம்"தான் வரும். "அதுல எந்த இடம் நம்ம விஷயத்துல தப்பு"ன்னு கேளுங்க. பேசாத ஆளுங்களுக்கு தப்பு கண்டுபிடிக்கறது ரொம்ப வசதி, என்னை திட்ட ஆரம்பிச்சு அவரைப் பத்தி சொல்ல ஆரம்பிச்சுடுவார். திட்டினது என்னன்னு எனக்கு எழுதி அனுப்புங்க, எங்க வீட்டுக்காரருக்கு படிச்சு காட்டணும்.